கல்லூரி வாயிலும் வேலை வாயிலும்

(சங்கத்தின் வெள்ளிவிழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



வாடகைக்கு எடுத்த ஒற்றை அறையில், ஒரு கரும்பலகையும் இரண்டு கோரைப்பாயும் கொண்டு மாலை வகுப்பு நடத்தத் தொடங்கிய நம் சங்கம் இன்று இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்துள்ளது. அந்தப் பாயில் அமர்ந்து படித்தவர்களுள் ஆசிரியர்களும் செவிலியர்களும் பொறியாளர்களும் இன்று இவ்வரங்கில் இருக்கிறார்கள். இதைக் காட்டிலும் மகிழ்ச்சி தரும் காட்சி வேறொன்றில்லை.

மாற்றுத்திறனாளிகளின் வேலைவாய்ப்பு உயர்வதற்குக் கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் என்ன செய்ய வேண்டும் என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் பணித்தனர். பள்ளித் தலைமையாசிரியர் கல்லூரிகளைப் பற்றிப் பேசலாமா என்னும் ஐயம் சிலருக்கு எழலாம். நாற்றங்காலில் நின்று நாற்றுப் பறித்துக் கட்டுகிறவனுக்கு, அந்த நாற்று எந்த வயலுக்குப் போகிறது, அங்கே வேர் பிடிக்கிறதா, கருகிப் போகிறதா என்று கேட்கும் உரிமை உண்டு. அவ்வுரிமையின் பேரில்தான் பேசுகிறோம். அதற்கு முன்பாக, நம் பக்கத்துத் தவறு ஒன்றையும் இவ்வவையில் ஒப்புக்கொள்ளக் கடமைப்பட்டிருக்கிறோம்.

நாம் செய்த தவறு

ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன், நாம் பட்டதாரி ஆசிரியராகப் பணியாற்றிய பள்ளியில் பார்வையற்ற மாணவன் ஒருவன் படித்தான். கூலி வேலை செய்யும் குடும்பம். கணக்கில் அவனுக்கு நிகர் வகுப்பில் ஒருவரும் இல்லை. நாம் கரும்பலகையில் எழுதிக்கொண்டே வாய்விட்டுச் சொல்வோம். பார்க்கிற பிள்ளைகள் எழுதி முடிப்பதற்குள் அவன் விடையைச் சொல்லிவிடுவான். பத்தாம் வகுப்பு முடித்ததும், மேல்நிலை வகுப்பில் வணிகவியலும் கணக்குப் பதிவியலும் எடுத்துப் படிக்க விரும்புவதாகச் சொன்னான். அவனுடைய தந்தை நம்மிடம் யோசனை கேட்டு வந்தார். நாம் அவரிடம், "கணக்குப் பதிவியலில் கட்டம் போட வேண்டும், பேரேடு எழுத வேண்டும். அவனால் ஆகாது. தமிழ் படிக்கட்டும். அதற்குக் கண் வேண்டாம், காது போதும்" என்று சொல்லி அனுப்பினோம். நன்மை செய்கிறோம் என்றே எண்ணினோம். மாணவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவன் தமிழ் இலக்கியத்தில் இளங்கலையும் முதுகலையும் முடித்துக் கல்வியியல் பட்டமும் பெற்றான். ஆறு ஆண்டுகள் கல்லூரிகளில் கழிந்தன. 2016ஆம் ஆண்டில் ஒரு நாள், தாம்பரத்திலிருந்து கடற்கரை நோக்கிச் செல்லும் மின்சார ரயிலில் பயணம் செய்துகொண்டிருந்தோம். குடும்ப அட்டை உறை, ஊக்கு, சீப்பு ஆகியவற்றைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒருவர் கூவி விற்று வந்தார். அட்டை உறை என்ன விலை என்று கேட்டோம். அவர் சற்றே நின்று, "ஐயா, வணக்கம்" என்றார். நம் குரலை அவர் மறக்கவில்லை. உறையைக் கொடுத்துவிட்டுப் பணம் வாங்க மறுத்தார். இறங்கும்போது ஒன்று மட்டும் கேட்டார்: "அன்றைக்கு நீங்கள் கணக்கு எடு என்று சொல்லியிருந்தால் நான் படித்திருப்பேன் அல்லவா, ஐயா?"

குறை கூறும் தொனி அக்கேள்வியில் இல்லை. அதனாலேயே அது நம்மை இன்றளவும் விட்டகலவில்லை.

அவருடைய கதை அங்கேயே முடிந்துவிடவில்லை என்பது நமக்கு ஆறுதல். இரண்டாண்டுகளுக்குப் பின் நண்பர் ஒருவர் வாயிலாகக் கணினிப் பயிற்சி ஒன்றில் சேர்ந்தார். திரையில் உள்ளதைக் குரலாகப் படித்துக் காட்டும் மென்பொருளின் துணையுடன் ஆறு மாதம் பயின்றார். வங்கி எழுத்தர் தேர்வு எழுதித் தேர்ச்சி பெற்றார். 'அவனால் ஆகாது' என்று நாம் தீர்ப்பளித்த அதே வரவு செலவுக் கணக்கைத்தான் இன்று நாள்தோறும் பார்க்கிறார். ஆறு ஆண்டுக் கல்லூரிப் படிப்பு தராத வேலையை ஆறு மாதப் பயிற்சி தந்தது. அப்பயிற்சியை ஏன் கல்லூரியே தரவில்லை? இன்றைய உரையின் சாரம் இக்கேள்விதான்.

எண்கள் கூறுவன

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடிப் பேர், மக்கள்தொகையில் 2.21 விழுக்காடு. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 11.8 லட்சம் பேர். பட்டியல் சாதியினரிடையே இவ்விகிதம் 2.45 விழுக்காடு, நாட்டின் சராசரியைவிட அதிகம். தாயின் வயிற்றிலேயே தொடங்கும் ஊட்டக் குறைவையும், எட்டாத தொலைவில் இருந்த மருத்துவத்தையும், கல் உடைக்கும் இடத்திலும் செங்கல் சூளையிலும் கட்டட வேலையிலும் நம்மவர் உடல் படும் பாட்டையும் அறிந்தவர்களுக்கு இந்த வேறுபாடு வியப்பளிக்காது.

அதே கணக்கெடுப்பில் மாற்றுத்திறனாளிகளுள் வேலை செய்வோர் நூற்றுக்கு 36 பேர். பெண்களை மட்டும் எடுத்துக்கொண்டால் 23 பேர். பட்டப் படிப்பை எட்டியவர்கள் நூற்றுக்கு ஐவர். நூறு பேர் புறப்பட்ட இடத்தில் ஐவர்தாம் பட்டம் வரை வந்து சேர்கிறார்கள். அந்த ஐவரும் ரயிலில் ஊக்கு விற்க வேண்டியிருந்தால், பின்னால் வரும் தொண்ணூற்றைந்து பேருக்கு நாம் என்ன சொல்லிப் படிக்க வைப்பது?

சட்டம் சொல்வதும் நடப்பதும்

1995ஆம் ஆண்டுச் சட்டம் மாற்றுத்திறனாளிகளுக்கு அரசுப் பணியில் 3 விழுக்காடு ஒதுக்கியது. அந்த 3 விழுக்காட்டை ஏதோ சில பணிகளுக்குள் மட்டும் கணக்கிடாமல் மொத்தக் காலியிடங்களுக்கும் கணக்கிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிக்க 2013ஆம் ஆண்டு ஆயிற்று. பின்னர் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. 21 வகைக் குறைபாடுகள் இதில் இடம்பெற்றுள்ளன. 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளவர்களுக்கு அரசுப் பணியில் 4 விழுக்காடும், அரசுக் கல்லூரிகளிலும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களிலும் குறைந்தது 5 விழுக்காடு இடங்களும் ஒதுக்கப்பட வேண்டும். கல்லூரிச் சேர்க்கைக்கு வயது வரம்பில் ஐந்தாண்டுத் தளர்வும் உண்டு.

முதலாண்டில் 600 பேரைச் சேர்க்கும் கல்லூரி ஒன்றை எண்ணிப் பாருங்கள். அங்கே ஆண்டுதோறும் 30 மாற்றுத்திறனாளி மாணவர்கள் நுழைய வேண்டும். மூன்றாண்டுப் படிப்பில் எந்த நேரத்திலும் 90 பேர் அவ்வளாகத்தில் இருக்க வேண்டும். நீங்கள் படித்த கல்லூரியில் எத்தனை பேரைக் கண்டீர்கள் என்று உங்கள் நெஞ்சையே கேட்டுக்கொள்ளுங்கள்.

நம் இளைஞர்கள் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி ஒன்று இங்குண்டு. மாற்றுத்திறனாளிகளுக்கான ஒதுக்கீடு கிடைமட்ட ஒதுக்கீடு எனப்படும். 1992ஆம் ஆண்டு மண்டல் வழக்குத் தீர்ப்பு இதைத் தெளிவுபடுத்தியது. அது சாதி அடிப்படையிலான ஒதுக்கீட்டை அழிப்பதன்று. எல்லாப் பிரிவுகளையும் குறுக்காக ஊடுருவிச் செல்வது. ஆகவே நம் பிள்ளைகள் விண்ணப்பத்தில் இரண்டு தகுதிகளையும் குறிப்பிட வேண்டும். இரண்டு சான்றிதழ்களையும் இணைக்க வேண்டும். ஒன்றைச் சொன்னால் மற்றொன்று போய்விடுமோ என்று அஞ்சி ஒன்றை மறைப்பவர்களை நாம் கண்டிருக்கிறோம். அவ்வச்சம் தேவையற்றது. சமூகத்தில் பின்தங்கிய நிலையில் உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கும் பட்டியல் சாதியினருக்கு அளிக்கப்படும் தளர்வுகள் பொருந்தும் என்னும் கொள்கையை உச்ச நீதிமன்றம் 2020 ஜூலையில் உறுதி செய்ததும் நினைவில் இருத்தத்தக்கது.

சட்டம் கதவைத் திறந்துவிட்டது. எனினும் திறந்த கதவுக்கு முன்னால் படிக்கட்டு இருந்தால் சிலருக்கு அது மூடிய கதவேயாகும். கல்லூரிகள் அகற்ற வேண்டிய படிக்கட்டுகளை ஒவ்வொன்றாகக் காண்போம்.

பாடத் தேர்வு என்னும் முதற்படி

முதலாவது, பாடத் தேர்வு. பார்வையற்றவர் என்றால் தமிழ் அல்லது வரலாறு. காது கேளாதவர் என்றால் ஓவியம் அல்லது தையல். கால் நடவாதவர் என்றால் தரைத்தளத்தில் எந்தத் துறை இருக்கிறதோ அந்தத் துறை. இப்படி ஒரு எழுதாச் சட்டம் நம் கல்வி நிலையங்களில் நிலவுகிறது. தமிழையோ வரலாற்றையோ நாம் தாழ்த்திக் கூறவில்லை. விரும்பி எடுத்தால் அவை செல்வம்; வேறு வழியின்றித் திணித்தால் அவை முட்டுச் சந்து.

ஆந்திரத்தில் சிற்றூர் ஒன்றில் பிறந்த பார்வையற்ற மாணவர் ஸ்ரீகாந்த் பொல்லா, பத்தாம் வகுப்புக்குப் பின் அறிவியல் படிக்கக் கேட்டபோது அனுமதி மறுக்கப்பட்டது. நீதிமன்றம் சென்று அவ்வுரிமையைப் பெற்றார். பன்னிரண்டாம் வகுப்பில் 98 விழுக்காடு மதிப்பெண் எடுத்தார். ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வுக்கான பயிற்சி நிலையங்கள் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அமெரிக்காவின் எம்.ஐ.டி. சேர்த்துக்கொண்டது. திரும்பி வந்து 2012இல் ஐதராபாத்தில் தொழில் நிறுவனம் ஒன்றைத் தொடங்கி, மாற்றுத்திறனாளிகள் பலருக்கு வேலை கொடுத்தார். நம் நாட்டில் 'ஆகாது' என்ற சொல்லால் எத்தனை ஸ்ரீகாந்துகள் திரும்பிப் போனார்கள் என்பதற்கு எவரிடமும் கணக்கில்லை.

மருத்துவக் கல்வியிலும் இதே நிலை இருந்தது. 40 விழுக்காட்டுக்கு மேல் குறைபாடு என்று சான்றிதழில் இருப்பது ஒன்றையே காரணமாகக் காட்டி ஒருவருக்கு மருத்துவப் படிப்பை மறுக்கக் கூடாது. அவரால் படிப்பைத் தொடர முடியுமா என்பதை மருத்துவக் குழு ஆராய்ந்து கூற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபரில் தீர்ப்பளித்தது. விழுக்காடு ஓர் எண். மனிதரின் ஆற்றல் அவ்வெண்ணுக்குள் அடங்குவதன்று.

மத்திய அரசு 2021 ஜனவரியில், மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்றவை என 3,566 பணிகளைக் கண்டறிந்து பட்டியல் வெளியிட்டது. எந்தப் பணிக்கு எவ்வகைக் குறைபாடு உடையவர் தகுதியுடையவர் என்பதும் அதில் உண்டு. கல்லூரியில் சேரும் நாளன்றே இப்பட்டியலை மாணவர் முன் விரித்து வைத்து, 'இன்ன படிப்பு உன்னை இன்ன பணிக்கு இட்டுச் செல்லும்' என்று விளக்கும் ஆசிரியர் ஒருவர் ஒவ்வொரு கல்லூரியிலும் இருக்க வேண்டும். பட்டம் பெறும் நாளில் வேலையைப் பற்றிப் பேசத் தொடங்குவது, அறுவடை நாளில் விதை தேடுவதை ஒக்கும்.

படிக்க இயலாத பாடநூல்

இரண்டாவது, நூல்களும் குறிப்புகளும். இன்று கணினியிலும் கைபேசியிலும் எழுத்தைக் குரலாக மாற்றும் மென்பொருள்கள் உள்ளன. என்.வி.டி.ஏ. என்னும் மென்பொருள் முற்றிலும் இலவசம், தமிழையும் படிக்கும். ஆயினும் நம் கல்லூரிகளில் தமிழ்க் குறிப்புகள் இன்னமும் பல இடங்களில் பாமினி முதலிய பழைய எழுத்துருக்களில் தட்டச்சாகின்றன. கண்ணுக்கு அவை தமிழாகத் தெரியும்; கணினிக்கோ அவை பொருளற்ற ஆங்கில எழுத்துகள். மென்பொருள் அவற்றைப் படித்தால் காதில் விழுவது வெற்றொலியே. புத்தகப் பக்கத்தை நிழற்படமாக எடுத்து அனுப்பினாலும் பெரும்பாலும் அதே கதிதான். குறிப்பை ஒருங்குறியில் தட்டச்சு செய்தால் போதும். ஒரு காசு செலவின்றிப் பார்வையற்ற மாணவர் தாமே படித்துக்கொள்வார். தமிழக அரசு 2010ஆம் ஆண்டிலேயே ஒருங்குறியை ஏற்றுக்கொண்டது. கல்லூரி ஆசிரியர்கள் விசைப்பலகையை மாற்றிக்கொள்ள வேண்டியதே எஞ்சியுள்ளது.

பதிப்புரிமைச் சட்டம் தடுக்கும் என்று சில நூலகர்கள் கூறுவதுண்டு. 2012ஆம் ஆண்டுத் திருத்தம் அத்தடையை நீக்கிவிட்டது. பார்வையற்றோருக்கு ஏற்ற வடிவில் நூல்களை ஆக்கிக்கொள்ள அது வழி செய்கிறது. இது பற்றிய மராக்கேஷ் உடன்படிக்கையை 2014இல் உலகிலேயே முதலாவதாக ஏற்பளித்த நாடு இந்தியா. முதலில் கையெழுத்தை உறுதி செய்த நாட்டின் கல்லூரி நூலகம் கடைசியில் நிற்கலாமா?

சலுகை சுவராகும் இடம்

மூன்றாவது, காது கேளாத மாணவர்கள். இவர்களைப் பற்றிப் பேசுவோர் குறைவு. ஏனெனில் இவர்கள் குரல் எழுப்பிக் கேட்பதில்லை. பள்ளியில் இவர்களுக்கு ஒரு மொழிப் பாடத்திலிருந்து விலக்கு அளிக்கிறோம். பெரும்பாலோர் ஆங்கிலத்தை விட்டுவிடுகின்றனர். தேர்ச்சி எளிதாகிறது, தலைமையாசிரியராகிய நமக்கும் தேர்ச்சி விழுக்காடு உயர்கிறது. ஆனால் கல்லூரிக்குப் போனால் பாடநூல் ஆங்கிலம், கணினி ஆங்கிலம், நிறுவனம் அனுப்பும் நேர்முகக் கடிதம் ஆங்கிலம். அன்று இரக்கத்தால் கொடுத்த சலுகை, இன்று வேலை வாயிலில் சுவராக எழுந்து நிற்கிறது.

சலுகையை எடுத்துவிடுங்கள் என்று நாம் கூறவில்லை. சலுகை தந்த இடத்தில் மாற்றுப் பயிற்சி வேண்டும் என்கிறோம். கல்லூரி முதலாண்டில் அவர்களுக்கென எளிய எழுத்து ஆங்கிலத்தைச் சைகை மொழியின் துணையுடன் கற்பிக்க வேண்டும். சென்னை மாநிலக் கல்லூரியில் செவித்திறன் குறைந்தோருக்கென வணிகவியல், கணினிப் பயன்பாட்டியல் பட்ட வகுப்புகள் நடைபெறுகின்றன. அத்தகைய வகுப்பு மாவட்டத்திற்கு ஒன்றாவது வேண்டும். சைகை மொழி அறிந்த உரைபெயர்ப்பாளர் ஒருவரை நியமித்தால், இருபது மாணவர்களுக்கு விரிவுரை முழுவதும் திறந்துவிடும். அந்த உரைபெயர்ப்பாளர் பணியும் ஒரு வேலைவாய்ப்பு என்பதை நம் இளைஞர்கள் கவனிக்க வேண்டும்.

வேலைவாய்ப்புப் பிரிவின் கடமை

நான்காவது, வேலைவாய்ப்புப் பிரிவு. பல கல்லூரிகளில் இப்பிரிவு ஆண்டுக்கு ஒரு முறை சில நிறுவனங்களை அழைத்து முகாம் நடத்துவதோடு நின்றுவிடுகிறது. முகாம் மூன்றாம் மாடியில் நடக்கும். குழு உரையாடல் நடக்கும். காது கேளாத மாணவர் மூலையில் நின்று பார்த்துவிட்டுப் போவார். நிறுவனத்தார், 'எங்களுக்குத் தயக்கமில்லை, விண்ணப்பமே வரவில்லை' என்பர். கல்லூரியார், 'நிறுவனங்கள் கேட்பதில்லை' என்பர். இருவர் கூற்றும் உண்மையாக இருக்கலாம். நடுவில் மாணவர் நிற்கிறார்.

இதை மாற்ற நான்கு செயல்கள் போதும். முதற்செயல், மாற்றுத்திறனாளி மாணவர் ஒவ்வொருவருக்கும் இரண்டாம் ஆண்டிலேயே ஒரு மாதமேனும் பணியிடப் பயிற்சி. நேரில் வேலை செய்து காட்டும்போது முதலாளியின் ஐயம் தானே அகலும். மாணவரின் அச்சமும் அகலும். இரண்டாம் செயல், நிறுவனத்தாரிடம் முன்கூட்டியே பேசுவது. இவருக்கு இந்த மென்பொருள் வேண்டும், இவருக்கு மேசையின் உயரத்தைச் சற்று மாற்ற வேண்டும், இவருக்குச் செய்தியை எழுதிக் காட்டினால் போதும் என்று சொல்லிவிட்டால், மலையாகத் தோன்றியது மடுவாகிவிடும். மூன்றாம் செயல், சட்டத்தை எடுத்துரைப்பது. ஒவ்வொரு நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கை ஒன்றை வெளியிட வேண்டும் என்கிறது 2016ஆம் ஆண்டுச் சட்டம். தனியார் துறையில் குறைந்தது 5 விழுக்காட்டுப் பணியாளர்கள் மாற்றுத்திறனாளிகளாக இருக்கும்படி ஊக்கச் சலுகைகள் தருமாறும் அரசுக்கு அது கூறுகிறது. நான்காம் செயல், பட்டம் பெற்றுச் சென்றவர்களின் பட்டியலை வைத்துக்கொண்டு, மூன்றாண்டுக்குப் பின்னும் அவர் எங்கே இருக்கிறார் என்று விசாரிப்பது. நம் மாணவர் படித்த கல்லூரி அவ்வாறு ஒரு முறை விசாரித்திருந்தால், ரயிலில் கழிந்த ஆண்டுகள் குறைந்திருக்கும்.

கல்லூரியே முதலாளி

ஐந்தாவது, கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் தாமே பெரிய முதலாளிகள் என்பதை மறக்கலாகாது. பேராசிரியர், நூலகர், கண்காணிப்பாளர், ஆய்வக உதவியாளர், எழுத்தர் என எத்தனையோ பணிகள் அங்குண்டு. பிற நிறுவனங்களுக்கு அறிவுரை கூறுமுன் தம் பணியிடங்களில் 4 விழுக்காடு நிரம்பியுள்ளதா என்று அவை எண்ணிப் பார்க்க வேண்டும். தகுதியானவர் அவ்வாண்டு கிடைக்காவிட்டால் அவ்விடத்தை அடுத்த ஆண்டுக்குக் கொண்டு செல்ல வேண்டும் என்பது சட்டம். சக்கர நாற்காலியில் வந்து பாடம் நடத்தும் பேராசிரியர் ஒருவரைப் பார்க்கும் மாணவருக்கு நாம் தனியாக நம்பிக்கையூட்டும் சொற்பொழிவு ஆற்ற வேண்டியதில்லை.

பார்வையற்றவர் நீதிபதியாகலாமா என்ற வினாவுக்குக்கூட 2025 மார்ச்சில் விடை கிடைத்துவிட்டது. பார்வைக் குறைபாட்டைக் காரணம் காட்டி எவரையும் நீதித்துறைப் பணியிலிருந்து விலக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதிமன்ற மேடைக்கே தகுதி உண்டென்றால் கல்லூரி அலுவலக மேசைக்கு ஏன் இல்லை?

ஆறாவது, ஆராய்ச்சி. சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான ஆராய்ச்சி மையம் 2019இல், அமர்ந்தவர் எழுந்து நிற்க உதவும் சக்கர நாற்காலியை உருவாக்கியது. 2021இல் அங்கே, சக்கர நாற்காலியுடன் இணைத்துச் சாலையில் ஓட்டிச் செல்லத்தக்க மோட்டார் அமைப்பு வெளிவந்தது. பேருந்தில் ஏற இயலாதவருக்கு வேலை கிடைத்தும் பயனில்லை. வீட்டிலிருந்து பணியிடம் வரை செல்லும் வழியும் வேலைவாய்ப்பின் பகுதியே. நம் மாவட்டப் பொறியியல் கல்லூரி மாணவர்கள் இறுதியாண்டுத் திட்டப் பணிக்குப் பொருள் தேடி அலைகிறார்கள். பக்கத்துத் தெருவில் உள்ள மாற்றுத்திறனாளி ஒருவரிடம், 'உமக்கு அன்றாடம் எது கடினம்?' என்று கேட்டால் பத்துப் பொருள் கிடைக்கும்.

வழிகாட்டிய கல்லூரிகள்

இவை நடைமுறைக்கு ஒவ்வாத கனவுகள் அல்ல. மும்பையில் தூய சவேரியார் கல்லூரி 2003இல் பார்வையற்றோருக்கான வள மையம் ஒன்றைத் தொடங்கியது. மாணவர்களுக்குக் கணினிப் பயிற்சி அளித்ததோடு அம்மையம் நிற்கவில்லை. வங்கிச் சேவைகளைப் பார்வையற்றோர் தாமே பயன்படுத்தவும், பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்படவும் பாடுபட்டது. ஒரு கல்லூரியின் அறையில் தொடங்கிய முயற்சி நாடு முழுமைக்கும் பயன் தந்தது. நம் தமிழகத்தில் திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகம் மாற்றுத்திறனாளிகளுக்கெனத் தனி மையம் வைத்துப் பயிற்சி அளித்து வருகிறது.

சென்னையைச் சேர்ந்த பெனோ செபைன் அவர்கள் ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியிலும் இலயோலா கல்லூரியிலும் பயின்று, வங்கி அதிகாரியாகப் பணியாற்றி, 2015இல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்தார். முழுமையாகப் பார்வையற்ற ஒருவர் அப்பணியில் சேர்ந்தது அதுவே முதன்முறை. அவரைப் போற்றுகிறோம். எனினும் இளைஞர்களே, ஓர் எச்சரிக்கை. மலையுச்சியை எட்டிய ஒருவரைக் காட்டி, 'அவரால் முடிந்ததே, உன்னால் ஏன் முடியவில்லை?' என்று மற்றவர்களைக் கேட்பது அநீதி. பார்வையுள்ள பிள்ளைகள் அனைவரும் வெளியுறவுத் துறைக்கா போகிறார்கள்? எழுத்தராக, ஆசிரியராக, கடைக் கணக்கராக, தொலைபேசி ஊழியராக, மாதம் பிறந்தால் சம்பளம் வாங்கி, வீட்டு வாடகை கொடுத்து, தங்கைக்குப் படிப்புச் செலவு செய்யும் சாதாரண வாழ்வை மாற்றுத்திறனாளியும் பெற வேண்டும் என்பதே நம் கோரிக்கை. அருஞ்செயல் புரிந்தால்தான் சாதாரண வாழ்வு கிடைக்கும் என்றிருப்பது எவ்வளவு கொடுமை என்பதை நம் சமுதாயத்திற்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

நம் வீட்டு வாசல்

இறுதியாக, கல்லூரிகளை நோக்கி நீட்டிய விரலை நம் பக்கம் திருப்புகிறோம். இன்று காலை இவ்வரங்கின் வாயிலில் ஒரு காட்சியைக் கண்டோம். நம் சங்கத்து இளைஞர் ஒருவர் மூன்று சக்கர வண்டியில் விழாவுக்கு வந்தார். வாயிலில் ஐந்து படிகள். நான்கு இளைஞர்கள் ஓடிச் சென்று அவரை வண்டியோடு தூக்கி உள்ளே கொண்டு வந்தார்கள். அவர்களுடைய அன்பு போற்றத்தக்கது. ஆனால் தூக்கப்பட்டவரின் முகத்தை நாம் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் தலை குனிந்திருந்தது. நடுவில் வெளியே போக விரும்பினாலும் அவர் நால்வரை அழைக்க வேண்டும்.

நம் முன்னோரை எத்தனை வாசல்கள் வெளியே நிறுத்தின என்பதை நாம் அறிவோம். அவ்வாசல்களைக் கடக்கவே இச்சங்கம் தோன்றியது. அத்தகைய சங்கத்தின் கட்டடத்திற்குப் படி கட்டியபோது, அப்படியின் முன் ஒருவர் நின்றுவிடுவார் என்பது நமக்குத் தோன்றவில்லை. கட்டடக் குழுவில் நாமும் இருந்தோம். வெறுப்பால் செய்ததன்று, நினையாமையால் செய்தது. பல வாசல்கள் இன்றும் அடைபட்டுக் கிடப்பது இந்த நினையாமையால்தான்.

ஆகவே இவ்வெள்ளிவிழா ஆண்டில் சங்கம் ஐந்து பணிகளை ஏற்க வேண்டுமென்று வேண்டுகிறோம்.

ஒன்று: வாயிலில் சாய்தளம் அமைத்தல். ஓரடி உயரத்திற்குப் பன்னிரண்டடி நீளம் என்பது முறை. நம் படிகளின் உயரம் இரண்டரை அடி. முப்பதடி நீளம் வேண்டும். இடப்பக்கச் சுவரை ஒட்டி அதற்கு இடம் இருக்கிறது. நாம் காலடியால் அளந்து பார்த்துவிட்டே மேடை ஏறினோம்.

இரண்டு: நம் குடியிருப்புகளில் உள்ள மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள் அனைவரின் பட்டியலையும் தயாரித்து, மருத்துவச் சான்றும் தேசிய அடையாள அட்டையும் பெற்றுத் தருதல். சான்றிதழ் இல்லாதவருக்கு ஒதுக்கீடு ஏட்டுச் சுரைக்காய்.

மூன்று: நூலகத்தில் உள்ள கணினிகளுள் ஒன்றில் திரை படிக்கும் இலவச மென்பொருளை நிறுவி, அதைக் கற்பிக்க இருவரைப் பயிற்றுவித்தல்.

நான்கு: நம் மாவட்டத்து அரசுக் கல்லூரிகளுக்கும் உதவி பெறும் கல்லூரிகளுக்கும் 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மனு எழுதுதல். 5 விழுக்காட்டில் எத்தனை இடங்கள் நிரம்பின, 4 விழுக்காட்டில் எத்தனை பணியிடங்கள் நிரம்பின என்று கேட்க வேண்டும். பத்து ரூபாய்க் கட்டணத்தில் கேட்கத்தக்க கேள்வி இது. விடை வந்தால் அதை அடுத்த பொதுக்குழுவில் படிக்க வேண்டும்.

ஐந்து: இது பெற்றோருக்கும் நம் போன்ற ஆசிரியர்களுக்கும் உரியது. பிள்ளைக்காக நாம் முடிவு செய்வதை நிறுத்தி, 'நீ என்ன படிக்க விரும்புகிறாய்?' என்று கேட்டல். இதற்குச் செலவில்லை, மனு இல்லை, அரசாணை வேண்டியதில்லை. ஆயினும் ஐந்திலும் கடினமானது இதுவே. கேட்காமல் போனதற்கான விலையை நமக்குப் பதிலாக நம் மாணவர் ஒருவர் செலுத்தினார்.

அவர் இன்று இவ்வவையில் இரண்டாம் வரிசையில் அமர்ந்திருக்கிறார். சங்கத்தின் ஆண்டுக் கணக்கைச் சரிபார்க்க ஆள் வேண்டும் என்று செயலாளர் சென்ற மாதம் கூறினார். தகுதியானவரை நாம் அறிவோம். அவரிடம் கேட்டோம், இம்முறை அவரிடமே கேட்டோம். ஒப்புக்கொண்டிருக்கிறார்.